சொல்லாமல் சொன்ன மிம்பர்கள்

கலீபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில் இருவர் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டனர். ஏச்சு முற்றியபோது அவர்களில் ஒருவர் மற்றவரைப் பார்த்து, தம் தந்தை விபசாரம் செய்தவரல்லர் என்றும், தம் தாயும் அவ்வாறு செய்தவளல்லள் என்றும் ஆணையிட்டுச் சொன்னார். வழக்கு கலீபாவிடம் வந்தது. சொற்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் அவர் எவரையும் பழிக்கவில்லை. தம் பெற்றோரின் ஒழுக்கத்தைத்தான் சொன்னார். ஆயினும் அந்தச் சொல் எங்கே போய்த் தைத்தது என்பதை எதிரே நின்றவரும் அறிவார். சுற்றி நின்றவர்களும் அறிவார்கள். உமர் (ரலி) அவர்கள் மக்களிடம் ஆலோசனை கேட்டார்கள். பெற்றோரைத்தானே புகழ்ந்தார் என்றார் ஒருவர். அவர்களைப் புகழ இவருக்கு வேறு சொல்லே கிடைக்கவில்லையா என்று கேட்டனர் மற்றவர்கள். இரண்டாவது கருத்தையே கலீபா ஏற்று, அவதூறு கூறியவருக்குரிய 80 கசையடிகளை விதித்தார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் 'முவத்தா'வில் இந்நிகழ்ச்சி பதிவாகியிருக்கிறது.

வாய் சொன்னது ஒன்று. காது கேட்டது மற்றொன்று. இவ்விரண்டில் எதற்குச் சொன்னவர் பொறுப்பு? மிகப் பழைய கேள்வி இது. இன்றும் தேர்தற் காலத்தில் மேடையேறுகிற பேச்சாளர், 'இந்த ஊரின் அமைதியைக் கெடுப்பவர்கள் யார் என்பது உங்களுக்கே தெரியும்' என்று சொல்லிவிட்டு ஒரு கணம் நிறுத்துவார். பெயரை அவர் சொல்வதில்லை. கூட்டம் தன் மனத்துக்குள் சொல்லிக்கொள்ளும். மறுநாள் யாரேனும் கேட்டால், 'நான் எவரையும் குறிப்பிடவில்லையே!' என்று கைகளை விரிப்பார். சொன்னதற்குச் சாட்சி உண்டு. குறித்ததற்குச் சாட்சி இல்லை. இந்த இடைவெளியில்தான் அரசியற் பேச்சு உயிர் வாழ்கிறது.

முஸ்லிம்களின் வரலாற்றில் அரசியல் மேடையாக முதலில் விளங்கியது மிம்பர். கலீபாவும் ஆளுநரும் மக்களோடு பேசியது அதன் படிகளில் நின்றுதான். ஆகவே சொல்லுக்குள் சொல் மறைத்துப் பேசும் கலையின் வரலாற்றை அறிய விரும்புவோர் முதலில் பார்க்க வேண்டிய இடமும் அதுவே. கூபா, பஸரா, திமிஷ்கு, மர்வு ஆகிய நகரங்களின் மிம்பர்களில் நடந்த சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஸஹாபா பெருமக்களிடையே ஏற்பட்ட பிணக்குகளைத் தீர்த்துவைக்கும் தகுதி நமக்கில்லை. அவர்கள் காலத்து மொழியைப் பற்றியே பேச்சு.

அதற்கு முன் அறிஞர்கள் இட்ட பெயர்களைச் சிறிது தெரிந்துகொள்வது நல்லது. நம் தமிழிலக்கணத்தார் சொற்பொருளை வெளிப்படை, குறிப்பு என்று இரண்டாகப் பிரித்தனர். கருத்தை மறைத்து அதைப் புலப்படுத்தும் வேறொன்றைச் சொல்வதை அணி நூலார் ஒட்டு என்றனர். ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் பொருள் விளங்க ஆளும் சொல்லைக் குழூஉக்குறி என்றது நன்னூல் மரபு. அரபியில் வெளிப்படைக்கு 'தஸ்ரீஹ்' என்றும், ஒன்றைச் சொல்லி அதனோடு ஒட்டியிருக்கும் மற்றொன்றைக் கொள்ளவைப்பதற்குக் 'கினாயா' என்றும் பெயர். ஒருவர் வீட்டில் சாம்பல் மிகுதி என்றால், அடுப்பு அணைவதில்லை, விருந்து ஓய்வதில்லை, அவர் கொடையாளி என்று பொருள் படிப்படியாக ஏறிக்கொண்டே போகும். ஹிஜ்ரி 471இல் மறைந்த அப்துல் காஹிர் ஜுர்ஜானீ அவர்கள் இதைப் 'பொருளின் பொருள்' என்று பெயரிட்டு விளக்கினார்கள். சொல் தருவது முதற் பொருள். அப்பொருளே மற்றொரு பொருளைச் சுட்டுமானால் அது இரண்டாவது. இனி, பக்கவாட்டில் எறிவதுபோல ஒரு சொல்லை எறிந்து, அது வேறிடத்தில் போய் விழும்படி செய்வது 'தஃரீள்'. உமர் (ரலி) அவர்கள் முன் வந்த வழக்கு இதுவே.

இமாம்கள் இதில் ஒருமித்துப் போகவில்லை. இமாம் மாலிக் அவர்கள், குறிப்பு அவதூறையே கருதியது என்று தெளிவாகத் தோன்றினால் தண்டனை உண்டு என்றார்கள். இமாம் ஷாபிஈ அவர்களுக்கு வலுவான மறுப்பு இருந்தது. இத்தாவில் இருக்கும் பெண்ணிடம் மணவிருப்பத்தைக் குறிப்பாகத் தெரிவிப்பதில் குற்றமில்லை என்கிறது திருக்குர்ஆன். வெளிப்படையான வாக்குறுதிக்கு அங்கே இடமில்லை. இறைவனே இரண்டையும் வேறு வேறாக வைத்திருக்கையில், குறிப்புக்கு வெளிப்படையின் தண்டனையை நாம் எப்படிக் கொடுப்பது? அத்துடன், தம் மனைவி கறுப்பு நிறக் குழந்தையைப் பெற்றிருக்கிறாள் என்று ஒரு கிராமவாசி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து சொன்னார். சொல்லின் அடியில் சந்தேகம் கிடந்தது. நாயகம் அவர்களோ அவரைத் தண்டிக்கவில்லை. அவருடைய ஒட்டகங்களின் நிறங்களைப் பற்றிக் கேட்டு, முன்னோர் வழியில் எங்கிருந்தோ இழுத்து வந்த நிறமாக இருக்கலாம் என்று அவரையே சொல்லவைத்து, அதே விடையைக் குழந்தைக்கும் பொருத்திக் காட்டினார்கள். ஹனபி மத்ஹபிலும் குறிப்புக்கு அந்த 80 கசையடி இல்லை. நம் தமிழகத்தில் ஷாபிஈகளும் ஹனபிகளும் ஒரே ஊரில் கலந்து வாழ்கிறோம்; இந்தச் சட்டத்தைப் பொறுத்தமட்டில் இருவரும் ஒரே பக்கம்தான்.

இப்போது மிம்பருக்கு வருவோம்.

ஸிப்பீன் போர்க்களத்தில் கி.பி. 657இல் (ஹிஜ்ரி 37) ஈட்டிமுனைகளில் குர்ஆன் பிரதிகள் உயர்த்தப்பட்டதும், ஹஸ்ரத் அலீ (ரலி) அவர்களுக்கும் ஹஸ்ரத் முஆவியா (ரலி) அவர்களுக்கும் இடையே தீர்ப்புச் சொல்ல இரு நடுவர்கள் நியமிக்கப்பட்டதும் நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. அந்த ஏற்பாட்டை வெறுத்த ஒரு கூட்டத்தார் அலீ (ரலி) அவர்களின் படையிலிருந்தே பிரிந்தனர். கவாரிஜ் என்று வரலாறு பெயரிட்ட அவர்களின் முழக்கம், 'லா ஹுக்ம இல்லா லில்லாஹ்' - தீர்ப்பு அல்லாஹ்வுக்கேயன்றி இல்லை - என்பது.

இந்தச் சொற்றொடரை எந்த முஸ்லிம் மறுக்க முடியும்? மறுத்தால் ஈமானுக்கே பங்கம். ஒப்புக்கொண்டாலோ, நடுவர்களை ஏற்ற அலீ (ரலி) அவர்கள் அல்லாஹ்வின் தீர்ப்பைப் புறக்கணித்தவராகிவிடுவார்கள். புறக்கணித்தவரைப் பின்பற்றுவதும் கூடாது என்றாகிவிடும். இத்தனையும் அந்த நாலைந்து சொற்களுக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. கேட்பவன் தலையசைத்தால் மடிப்பு முழுவதையும் ஏற்றவனாகிறான். அரசியல் முழக்கங்களின் இலக்கணத்தை அறிய விரும்புவோருக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. எவராலும் மறுக்க முடியாத ஒன்றை மேலே வைத்து, வாதிட வேண்டிய ஒன்றை அடியில் வைத்துக் கட்டிவிடுவது. பிற்காலத்தில் எத்தனையோ நாடுகளில், எத்தனையோ மொழிகளில், தெய்வத்தின் பெயராலும் தேசத்தின் பெயராலும் இதே பொட்டலம் கட்டப்பட்டிருக்கிறது.

கூபாவின் பள்ளிவாசலில் அலீ (ரலி) அவர்கள் பேசிக்கொண்டிருக்கையில் ஒரு மூலையிலிருந்து இம்முழக்கம் எழும். மறு மூலையிலிருந்து இன்னொருவர் எழுப்புவார். அவர்கள் அளித்த விடை அரபி உலகில் பழமொழியாகவே நிலைத்துவிட்டது: சொல் சத்தியமானது, அதைக் கொண்டு நாடப்படுவது அசத்தியம். தொடர்ந்து ஒரு விளக்கமும் தந்தார்கள். தீர்ப்பு அல்லாஹ்வுக்கே என்பது உண்மைதான். ஆனால் இவர்கள் சொல்ல வருவது ஆட்சியே அல்லாஹ்வையன்றி எவருக்கும் இல்லை என்பது. மக்களுக்கோ நல்லவரோ தீயவரோ ஒரு தலைவர் இருந்தே தீரவேண்டும் என்றார்கள்.

இந்த விடையைக் கூர்ந்து பார்க்க வேண்டும். முழக்கத்தை அவர்கள் மறுக்கவில்லை. அதற்குப் பணியவும் இல்லை. பொட்டலத்தை அவிழ்த்தார்கள். மேலே உள்ளது இது, கீழே உள்ளது இது என்று மக்கள் முன்னிலையில் எடுத்து வைத்தார்கள். மறைபொருளின் வலிமை அது மறைந்திருப்பதில்தானே இருக்கிறது! வெளியே எடுத்து வைத்துவிட்டால் அதுவும் பிற கருத்துகளைப்போல் விவாதத்துக்குரிய ஒரு கருத்தாகிவிடுகிறது. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அந்தக் கூட்டத்தாரிடம் சென்று செய்ததும் இதுதான். இஹ்ராமில் வேட்டையாடியவருக்குரிய பரிகாரத்தை நீதமுள்ள இருவர் தீர்மானிக்கட்டும் என்றும், கணவன் மனைவி பிணக்கில் இரு வீட்டாரிலிருந்தும் நடுவர்களை அனுப்புங்கள் என்றும் குர்ஆனே சொல்கிறதே என்று கேட்டார்கள். மனிதரைத் தீர்ப்புச் சொல்ல வைப்பது இறைவனின் தீர்ப்புக்கு மாறானதாயின், இவ்விரு வசனங்களின் நிலை என்ன? அவர்களில் பலர் மனம் மாறித் திரும்பினர்.

ஒருமுறை அலீ (ரலி) அவர்கள் தொழுகையில் நின்றபோது கவாரிஜ்களில் ஒருவன் உரத்த குரலில் ஒரு திருவசனத்தை ஓதினான். இணைவைத்தால் உம்முடைய அமல்கள் யாவும் அழிந்துவிடும் என்ற எச்சரிக்கை அமைந்த ஸூரத்துஸ் ஸுமரின் வசனம் அது. தன் சொந்தச் சொல்லாக அவன் ஓர் எழுத்துக்கூடச் சொல்லவில்லை. குர்ஆன் ஓதியதைக் குற்றம் என்று யார் சொல்வது? ஆனால் அதை யாருக்கு ஓதினான் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அலீ (ரலி) அவர்கள் தொழுகையிலேயே, பொறுமையாக இரும், உறுதியற்றவர்கள் உம்மை நிலைகுலையச் செய்துவிட வேண்டாம் என்ற கருத்துள்ள ஸூரத்துர் ரூமின் வசனத்தை ஓதினார்கள். கேள்வியும் இறைவசனம், விடையும் இறைவசனம். வசையின் ஒரு சொல்லுமின்றி ஒரு பெரும் அரசியல் சர்ச்சை நடந்து முடிந்துவிட்டது.

மேலும், அக்கூட்டத்தாருக்கு அவர்கள் மூன்று உறுதிகள் அளித்தார்கள். பள்ளிவாசல்களில் தொழவிடாமல் தடுக்கமாட்டோம்; எங்களோடு தோள் கொடுக்கும்வரை பொதுநிதியில் உங்கள் பங்கை நிறுத்தமாட்டோம்; நீங்களாகத் தொடங்காதவரை உங்களோடு போரிடமாட்டோம். அதாவது, முழக்கத்தின் உட்பொருள் இன்னதென்று தெளிவாக அறிந்திருந்தும், அறிந்ததை ஊரறியச் சொல்லியும், அந்த உட்பொருளுக்காக எவரையும் தண்டிக்கவில்லை. செயல் வரும்வரை காத்திருந்தார்கள். உமர் (ரலி) அவர்கள் குறிப்புக்கே கசையடி விதித்தார்கள் என்று தொடக்கத்தில் கண்டோம். இரண்டும் முரணா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே பாதிக்கப்பட்டது ஒரு தனிமனிதரின் குடும்ப மானம். அதைக் காக்க அவருக்கு ஆட்சியாளரைத் தவிர வேறு துணையில்லை. இங்கே குறிவைக்கப்பட்டவர் ஆட்சியாளரேதான். தம்மைக் குத்திய குறிப்புக்குத் தாமே நீதிபதியாகிவிட்டால் அதன் பிறகு எந்தச் சொல்லும் தப்பாது. வாழ்த்தில்கூட வசை கண்டுபிடிக்கலாம்.

செயலும் வந்தது. வழியிற் செல்வோரைக் கவாரிஜ்கள் கொல்லத் தொடங்கியபின் கி.பி. 658இல் நஹ்ரவான் போர் நடந்தது. கி.பி. 661 ரமளானில் (ஹிஜ்ரி 40) கூபா பள்ளிவாசலில் அலீ (ரலி) அவர்களை வெட்டிய இப்னு முல்ஜம், வாளை ஓங்கும்போதும் தீர்ப்பு அல்லாஹ்வுக்கே, உமக்கல்ல என்று கூவினான் என வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அத்தனை ஆண்டுகள் குறிப்பாக நின்றது அன்று வெளிப்படையாயிற்று. வெட்டுண்டு கிடந்த நிலையிலும், தாம் இறந்துவிட்டால் ஒரு வெட்டுக்கு ஒரு வெட்டு மட்டுமே, அங்கங்களைச் சிதைக்கக்கூடாது என்று தம் மக்களிடம் கட்டளையிட்டார்கள் அலீ (ரலி) அவர்கள்.

நான்காண்டுகள் கழித்து, கி.பி. 665இல், பஸராவின் மிம்பரில் ஸியாத் இப்னு அபீஹி ஏறினார். அன்றைய பேச்சுக்கு 'அல் குத்பத்துல் பத்ரா' - வாலறுந்த பேருரை - என்று பெயர். அல்லாஹ்வைப் புகழ்ந்து தொடங்காத பேருரையை அப்படி அழைப்பது வழக்கம் என்று பஸராவின் மைந்தரான ஜாஹிள் எழுதியிருக்கிறார். ஹம்து மறந்துபோவதற்கு ஸியாத் பேச்சறியாதவரல்லர். அரபியரில் அவருக்கு நிகரான சொல்லாற்றல் உடையோர் சிலரே. நாவில் தானாக வந்து நிற்கும் தொடக்கத்தை விட்டுவிட்டு நேரே கண்டனத்தில் இறங்கியபோதே கேட்டவர்களுக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது: இனிமேல் மரியாதைகளுக்கு நேரமில்லை. பின்னர் இரவு நடமாட்டத்துக்குத் தடை விதித்தார். குற்றவாளிக்காகச் சுற்றத்தாரையும் பிடிப்பேன் என்றார்.

அந்தப் பேச்சு முடிந்ததும் மூவர் எழுந்தனர் என்ற செய்தி பேச்சைக் காட்டிலும் சுவையானது. முதலாமவர், தாங்கள் ஞானமும் தெளிந்த நாவன்மையும் அருளப்பட்டவர் எனச் சாட்சி கூறுகிறேன் என்றார். குர்ஆனில் அந்தச் சிறப்பு தாவூது (அலை) அவர்களுக்குச் சொல்லப்பட்டது. புகழ்ச்சியின் அடியில் கிடந்த விலைச்சீட்டை ஸியாத் கண்டுகொண்டார். பொய், அது இறைத்தூதர் தாவூதுக்கு உரியது என்று அவர் வாயை அடைத்தார். இரண்டாமவர் அஹ்னப் இப்னு கைஸ். பொறுமைக்கு அரபு நாட்டில் உவமையாக நின்றவர். சோதித்துப் பார்த்தபின் புகழ்வதே முறை. நாங்கள் முன்கூட்டிப் புகழ்வதில்லை என்றார். இதிலும் ஒரு மறைபொருள் உண்டு: நீர் சொன்னது நன்று என்று நான் இன்னும் சொல்லவில்லை. ஸியாத் அதையும் புரிந்துகொண்டு, உண்மை சொன்னீர் என்றார். மூன்றாமவர் அபூ பிலால் மிர்தாஸ். ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்று அல்லாஹ் அறிவித்திருப்பது நீர் சொன்னதற்கு மாறாயிருக்கிறதே என்று மெல்லிய குரலில், ஆனால் ஒளிவின்றிக் கேட்டார். உங்களிடம் நாங்கள் நாடியதை இரத்தத்தில் நீந்தாமல் அடைய முடியாது என்பதே ஸியாதின் விடை. முகத்துதி, காத்திருப்பு, எதிர்ப்பு ஆகிய மூன்றையும் அதிகாரத்தின் முன் மனிதர் எடுத்துக்கொள்ளும் மூன்று நிலைகளாகவே நம் ஆசிரியர்கள் காட்டுவதுண்டு. அஹ்னபின் நிலைதான் மிகக் கடினமானது என்பது என் எண்ணம்.

அதே அஹ்னபை இன்னும் ஓர் அவையில் பார்க்கிறோம். தம் மகன் யஸீதைப் பட்டத்துக்கு உரியவராக்க கி.பி. 676 அளவில் (ஹிஜ்ரி 56) முஆவியா (ரலி) அவர்கள் பல பகுதிகளின் தலைவர்களைத் திமிஷ்குக்கு அழைத்திருந்தார்கள். நீண்ட பேச்சுகள் நடந்தன. ஒருவர் எழுந்தார். அமீருல் முஃமினீன் 'இவர்' என்று முஆவியாவைச் சுட்டினார். இவர் காலமானால் 'இவர்' என்று யஸீதைச் சுட்டினார். மறுப்பவருக்கு 'இது' என்று தம் வாளைச் சுட்டினார். அமர்வீர், பேச்சாளர்களின் தலைவர் நீரே என்றார்களாம் முஆவியா. சுட்டுப்பெயர் மூன்றுதான், மிரட்டல் என்ற சொல்லே இல்லை. அஹ்னப் மட்டும் வாய் திறக்கவில்லை. ஏன் பேசவில்லை என்று கேட்கப்பட்டபோது, பொய் சொன்னால் அல்லாஹ்வுக்கு அஞ்சுகிறேன், உண்மை சொன்னால் உங்களுக்கு அஞ்சுகிறேன் என்று விடையளித்தார். கருத்தைச் சொல்ல மறுத்ததாகத் தோன்றும் இவ்விடையில் அவருடைய கருத்து முழுவதும் அடங்கிக் கிடக்கிறது. சொன்னால் பொய்யாகக்கூடியது எது? ஆதரவுதானே.

ஹஜ்ஜாஜ் இப்னு யூஸுப் கூபாவுக்கு ஆளுநராக வந்த கதை (கி.பி. 694, ஹிஜ்ரி 75) பெரும்பாலோர் அறிந்ததே. முன்னாளில் தாயிபில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தவர் இவர் என்பதை எங்கள் தொழிலாளர்கள் அவ்வளவாகப் பெருமையோடு சொல்லிக்கொள்வதில்லை. பன்னிரண்டு குதிரை வீரர்களோடு வந்து, தலைப்பாகையால் முகத்தை மூடியபடி மிம்பரில் அமர்ந்து, நெடுநேரம் பேசாதிருந்தார். கூபாவாசிகள் பழைய ஆளுநர்களைக் கல்லால் வரவேற்றவர்கள். ஒருவர் கூழாங்கற்களைக் கையில் அள்ளிக்கொண்டார். ஹஜ்ஜாஜ் முகத்திரையை விலக்கி ஒரு பழைய கவிதையடியோடு தொடங்கி, கதிர் முற்றிய வயலைப்போல் தலைகள் அறுவடைக்குக் காத்திருப்பதைக் காண்கிறேன் என்ற கருத்தில் பேசியபோது, அந்தக் கற்கள் விரலிடுக்கில் உதிர்ந்தன. இந்தப் பகுதியைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவர். எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அதற்கடுத்தது. கலீபா அப்துல் மலிக்கின் கடிதம் வாசிக்கப்பட்டது. தொடக்கத்தில் உங்கள்மீது ஸலாம் உண்டாவதாக என்று இருந்தது. எவரும் பதில் சொல்லவில்லை. நிறுத்து என்றார் ஹஜ்ஜாஜ். அமீருல் முஃமினீன் ஸலாம் சொல்கிறார், நீங்கள் பதில் சொல்லாதிருக்கிறீர்களா என்று கடிந்து, மீண்டும் வாசிக்கச் செய்தார். இம்முறை பள்ளிவாசல் முழுவதும் ஒரே குரலில் பதில் ஸலாம் கூறிற்று. கடிதத்தில் எழுதப்பட்டிருந்த கட்டளை எதுவும் அதுவரை வாசிக்கப்படவில்லை. ஆனாலும் கீழ்ப்படிதல் அங்கேயே பெறப்பட்டுவிட்டது.

இனி அப்பாஸியரிடம் வருவோம். உமையாக்களுக்கு எதிராகக் குராசானில் இரகசியமாகப் பரப்பப்பட்ட அழைப்பில் தலைவரின் பெயரே கிடையாது. 'அர்ரிளா மின் ஆலி முஹம்மத்' - முஹம்மதின் குடும்பத்தாரில் எல்லோருக்கும் உகந்தவர் - என்பதற்குப் பைஅத் வாங்கப்பட்டது. குடும்பத்தார் என்றதும் அலீ, பாத்திமா (ரலி) வழித்தோன்றல்களை நினைத்தவர்கள் அவர்களையே நினைத்துக்கொண்டார்கள். பெருமானாரின் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களின் வழியினரும் குடும்பத்தாரே அல்லவா என்று எவரும் அப்போது எடுத்துச் சொல்லவில்லை. பொய் சொல்லப்படவில்லை, உண்மையின் ஒரு பகுதி திறந்து வைக்கப்பட்டது, அவரவர் தம் விருப்பத்தை அதில் குடியேற்றினர். கி.பி. 747இல் அபூ முஸ்லிம் கருங்கொடி ஏற்றியபோது அதன்பின் திரண்டவர்கள் தத்தம் மனத்திலிருந்த தலைவருக்காகவே திரண்டனர்.

கி.பி. 749இல் (ஹிஜ்ரி 132) கூபாவின் மிம்பரில் அந்த வெற்றிடத்தில் ஒரு முகம் தோன்றியது. அபுல் அப்பாஸ் காய்ச்சலோடு பேசினார். முடியாமல் அமர்ந்துவிட, அவருடைய சிறிய தந்தை தாவூது இப்னு அலீ கீழ்ப்படியில் நின்று தொடர்ந்தார். இந்த மிம்பரில் நாயகத்துக்குப் பின் உண்மையான கலீபாவாக ஏறியவர்கள் அலீயும் இதோ இவரும்தான் என்றார் தாவூது. கூபாவாசிகளின் நெஞ்சில் அலீ (ரலி) அவர்களுக்குள்ள இடத்தை அறிந்து, அவர்களுடைய பெயரைச் சொல்லி, அவர்களுடைய வழித்தோன்றல்களின் உரிமையைப் பேசாமல் விட்ட சாமர்த்தியத்தைப் பாருங்கள். அபுல் அப்பாஸ் தம்மை 'ஸப்பாஹ்' என்று சொல்லிக்கொண்டதும் அப்பேச்சில்தான். ஊற்றுபவர், பொழிபவர் என்பது அச்சொல்லின் அடிப்பொருள். பொழிவது பொன்னா, குருதியா? ஊதியங்களை உயர்த்துவதாக அறிவித்த பேச்சில் வந்ததால் கொடையாளி என்று கொள்வோர் உளர். உடன்வந்த பழிவாங்கும் சொற்களைக் கொண்டு மற்றதே பொருள் என்போரும் உளர். கூபாவாசிகள் முதற் பொருளைக் கேட்டிருக்கலாம். திமிஷ்கில் இருந்தவர்கள் மறு ஆண்டு இரண்டாவதைக் கேட்டார்கள். பலஸ்தீனத்தின் அபூ புத்ருஸ் ஆற்றங்கரையில் உமையாக் குடும்பத்தார் பலர் கொல்லப்பட்டனர். 'ஸப்பாஹ்' என்பது பின்னர் அவருடைய பட்டப்பெயராகவே நின்றுவிட்டது.

சொல்லைப் பற்றி இவ்வளவு சொன்னபின், சொல்லாததைப் பற்றியும் பேச வேண்டும். ஜும்ஆ குத்பாவில் ஆட்சியாளரின் பெயரைச் சொல்லி துஆச் செய்வது ஆட்சியுரிமையின் அடையாளம். நாணயத்தில் பெயர் பொறிப்பதோடு சேர்த்து எண்ணப்படுவது. கி.பி. 1171இல் காஹிராவின் குத்பாவில் பாத்திமி கலீபா ஆளிதின் பெயருக்குப் பதிலாகப் பக்தாதின் அப்பாஸிய கலீபாவின் பெயர் வாசிக்கப்பட்டதும், இரண்டு நூற்றாண்டுகள் எகிப்தை ஆண்ட அரசு முடிந்துபோயிற்று. தெருவில் ஒரு கூச்சலும் எழவில்லை. நோயுற்றுக் கிடந்த ஆளிதுக்கு அதைத் தெரிவிக்காமலே விட்டார்கள். சில நாட்களில் அவர் இறந்தார். கடல் கடந்து நம் கரைகளிலும் இவ்வழக்கம் உண்டு. கி.பி. 1393இல் கோழிக்கோட்டின் காழி, யமன் நாட்டு ரஸூலி சுல்தானின் பெயரைத் தங்கள் குத்பாவில் சொல்ல அனுமதி வேண்டிக் கடிதம் அனுப்பினார். சாமூதிரியின் ஆட்சியில் வாழ்ந்த வணிகர்கள் அயல்நாட்டுச் சுல்தானின் பெயரைச் சொன்னதில் ஆதன் துறைமுகத்தின் நல்லெண்ணமும் அடங்கியிருந்தது என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். 1924 மார்ச் 3இல் துருக்கியில் கிலாபத் ஒழிக்கப்படும்வரை இந்தியப் பள்ளிகள் பலவற்றில் உஸ்மானிய கலீபாவின் பெயர் ஒலித்துக்கொண்டிருந்தது.

அந்தப் பெயரைச் சொல்லாமல் விட்டால்?

மௌனத்துக்குச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. பேசாதிருந்தவர்மீது ஒரு சொல்லை ஏற்றக்கூடாது என்பது ஷாபிஈ இமாமின் பெயரால் வழங்கும் விதி. உஸ்மானியரின் 'மஜல்லா' சட்டத் தொகுப்பு 67ஆம் பிரிவில் அதை எடுத்துக்கொண்டு, ஆனால் பேச வேண்டிய இடத்தில் பேசாதிருப்பது பேச்சாகவே கொள்ளப்படும் என்று ஒரு வாலையும் சேர்த்திருக்கிறது. இந்த வாலுக்கு உரை எழுதியதுபோன்ற ஒரு நிகழ்ச்சி அதற்கு ஆயிரமாண்டுகளுக்கு முன்பே மர்வு நகரில் நடந்தது.

கலீபா மஃமூனுக்காகப் பக்தாதை வென்று கொடுத்த தளபதி தாஹிர் இப்னு ஹுஸைன் கி.பி. 821இல் குராசானின் ஆளுநரானார். அவரை அங்கே அனுப்ப மஃமூனுக்குத் தயக்கம் இருந்தது. அமைச்சர் அஹ்மத் இப்னு அபீ காலித் பொறுப்பேற்றுக்கொண்டதால் அனுப்பினார். ஒவ்வொரு மாநிலத்திலும் நடப்பவற்றைத் தலைநகருக்கு எழுதும் அஞ்சல் அதிகாரி ஒருவர் உண்டு. மர்வில் குல்ஸூம் இப்னு ஸாபித் என்பவர் அப்பதவியில் இருந்தார். கி.பி. 822இல் ஒரு ஜும்ஆவன்று தாஹிர் மிம்பரில் ஏறினார். குல்ஸூம் அருகில் அமர்ந்திருந்தார். கலீபாவின் பெயர் வரவேண்டிய இடம் வந்தது. தாஹிர் பெயர் சொல்லவில்லை. முஹம்மதின் உம்மத்தைச் சீர்படுத்துவாயாக என்ற கருத்தில் பொதுவாக ஒரு துஆவைச் செய்துவிட்டு இறங்கிவிட்டார். அந்தத் துஆவில் எவர் குற்றம் காண்பார்? கிளர்ச்சி என்ற சொல் இல்லை. மறுப்பு என்ற சொல் இல்லை. உள்ளது இறைஞ்சல் ஒன்றே.

குல்ஸூம் வீட்டுக்குப் போனார். எழுதினால் தாஹிரின் கையால் மரணம். எழுதாவிட்டால் ஏற்ற பணிக்குத் துரோகம். மய்யித்துக்குரிய குளிப்பைத் தாமே குளித்து, கபனுக்கு ஒத்த உடையை உடுத்திக்கொண்டு, மஃமூனுக்குக் கடிதம் எழுதி அனுப்பினார். எழுதியது இவ்வளவுதான்: இன்று குத்பாவில் பெயர் சொல்லப்படவில்லை. அதன் பொருள் என்ன என்று அவர் விளக்கவில்லை. விளக்கத் தேவையும் இல்லை.

பிற்பகலில் தாஹிரிடமிருந்து அழைப்பு வந்தது. முடிந்தது என்றே எண்ணிப் போனார். ஆனால் அவர் இருந்த சிறிது நேரத்தில் தாஹிரின் கண்ணிமையில் ஏதோ துடித்தது. அப்படியே சாய்ந்து உயிர் பிரிந்தது. இரவில் படுக்கையிலேயே இறந்து கிடந்தார் என்றும் ஓர் அறிவிப்பு உண்டு. நஞ்சு என்று ஐயுற்றவர்களும் உளர். வெளியேறிய குல்ஸூமைத் தாஹிரின் மகன் தல்ஹா திரும்ப அழைத்தார். நடந்ததை எழுதிவிட்டீரா என்று கேட்டார். ஆம் என்றார் குல்ஸூம். அப்படியானால் மரணத்தையும் எழுதும் என்றார் தல்ஹா.

முதற் கடிதம் பக்தாதை அடைந்த நாளில், தாஹிருக்காகப் பொறுப்பேற்ற அமைச்சரை மஃமூன் அழைத்து, உடனே புறப்பட்டுப் போய் நீர் வாக்களித்தபடி அவரைக் கொண்டுவாரும் என்றார். இன்றிரவு மட்டும் வீட்டில் தங்கிப் போகிறேன் என்று அமைச்சர் மன்றாட, முதலில் மறுத்துப் பின் இசைந்தார். இரவு கழிவதற்குள் இரண்டாவது கடிதம் வந்துவிட்டது. தாஹிரின் இடத்துக்குத் தல்ஹாவே நியமிக்கப்பட்டார், கி.பி. 873 வரை குராசான் அக்குடும்பத்தின் கையில் இருந்தது. பெயர் சொல்லாமல் விட்டது எதற்காக என்று தாஹிரைக் கேட்கும் வாய்ப்பு எவருக்கும் கிடைக்கவில்லை.